மகளை ரைப்பிங் வகுப்புக்கு விடலாமா? யாழ்ப்பாணத்துத் தாய் ஒருவருக்குப் பதில்

அம்மா, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கும் மகளை ஆறு மாத ரைப்பிங் வகுப்புக்கு விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சின்னம்மா வீட்டில் கிடக்கும் தமிழ் ரைப்ரைட்டரைத் திருத்திக் கொடுத்தால் பிரயோசனப்படுமா, இந்தக் கணினிக் காலத்தில் அதை யாராவது பாவிக்கிறார்களா என்றும் கேட்கிறீர்கள். விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த இயந்திரத்தை நம்பி உத்தியோகம் தேட வேண்டாம். ஆனால் பத்து விரலாலும், விசையைப் பார்க்காமல், தமிழிலும் ஆங்கிலத்திலும் அடிக்கும் பழக்கத்தை வரும் மூன்று மாதத்துக்குள் மகள் கட்டாயம் பழகட்டும். இயந்திரம் வேறு, விரற்பழக்கம் வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் பல வீடுகளில் காசும் காலமும் வீணாகின்றன.

ரைப்ரைட்டரைப் பாவிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நொத்தாரிசு அலுவலகங்களில் காணி உறுதி அடிப்பதற்கும், ஏற்கெனவே அச்சிட்ட படிவத்தின் கட்டங்களை நிரப்புவதற்கும், காபன் வைத்து ஒரே அடியில் மூன்று பிரதி எடுப்பதற்கும் அது இன்னும் உதவுகிறது. மின்சாரமும் வேண்டியதில்லை. 1990களின் முற்பகுதியில் குடாநாடு மின்சாரம் இல்லாமல் கிடந்த வருடங்களில் கடிதங்களும் வினாத்தாள்களும் ரைப்ரைட்டரிலும் றோனியோ என்ற நகல் இயந்திரத்திலும்தான் உருவாகின என்பது உங்கள் வயதினருக்கு நினைவிருக்கும். 2013இல் ரஷ்யாவின் பாதுகாப்புத் துறை ஒன்று, இணையத்தில் கசியாத ஆவணம் வேண்டும் என்று மின் தட்டச்சு இயந்திரங்களை வாங்க முன்வந்ததும் செய்தியானது. ஆனால் இவற்றில் எதுவும் புதிதாக ஆளெடுக்கும் வேலை அல்ல. இந்தியாவில் 1955 முதல் இயந்திரம் செய்துவந்த கோத்ரெஜ் அன்ட் பொய்ஸ் 2009இல் அலுவலக ரைப்ரைட்டர் உற்பத்தியை நிறுத்தியது. பிரித்தானியாவில் பிறதர் நிறுவனத்தின் கடைசி இயந்திரம் 2012இல் வெளிவந்தது. புதிய இயந்திரம் வராத ஒரு தொழிலில் உதிரிப்பாகமும் திருத்துநரும் வருடாவருடம் குறையத்தான் செய்யும்.

சின்னம்மாவின் இயந்திரத்தைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தை உருவாக்கிய ஆர். முத்தையா 1886இல் சுண்டிக்குளியில் பிறந்தவர், நமது ஊர்க்காரர். 247 எழுத்தை ஒரு சிறிய விசைப்பலகைக்குள் அடக்க, எல்லா எழுத்துக்கும் தனி விசை தேவையில்லை, உறுப்புகளைப் பிரித்து வைத்தால் போதும் என்று கண்டவர் அவர். சில குறிகளுக்கு நகரா விசைகளையும் வைத்தார். அந்த விசையைத் தட்டினால் குறி தாளில் விழும், ஆனால் தாளைச் சுமந்து செல்லும் வண்டி நகராது. அடுத்த எழுத்து அதே இடத்தில் வந்து சேரும். இன்று நாங்கள் கணினியில் பாமினி என்ற தமிழ் எழுத்துருவுக்கு அடிக்கும் விசை ஒழுங்குக்கும் அடிப்படை ரைப்ரைட்டர் ஒழுங்குதான். இயந்திரம் ஓரமாகப் போனாலும் அதன் ஒழுங்கு இன்னும் நமது விரல்களில் இருக்கிறது.

இயந்திரத்தைச் சுத்தம் செய்வதானால் எழுத்துத் தண்டுகள் வந்து சேரும் அரைவட்டப் பகுதிக்கு எண்ணெய் விட வேண்டாம். எண்ணெயில் தூசி பிடித்துச் சில வாரத்தில் தண்டுகள் எழும்பாமல் இறுகிவிடும். மெல்லிய பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தோய்த்துத் துலக்கி, துணியால் ஒற்றி உலர விடுங்கள். தாளைப் பிடிக்கும் றப்பர் உருளை கல்லாக இறுகியிருந்தால் எழுத்து ஒரு பக்கம் அழுத்தமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் விழும். அதற்காகச் செலவழிக்க வேண்டாம். அரை அங்குல றிபன் கிடைத்தால் மாற்றிப் பாருங்கள், அதற்கு மேல் போகாதீர்கள்.

அந்த இயந்திரத்தில் மகளைப் பழக்க வேண்டாம் என்று சொல்வதற்கு உறுதியான காரணம் உண்டு. புள்ளி நகரா விசையாக இருக்கும் இயந்திரத்தில் புள்ளியை முதலில் தட்டி, எழுத்தை அதன் கீழே அடிக்க வேண்டும். கணினியில் பாமினியில் எழுத்து முதலில், புள்ளி பிறகு. ஆறு மாதம் ஒரு வரிசையில் ஊறிய விரலை மற்ற வரிசைக்கு மாற்றுவது, புதிதாகப் பழகுவதைவிடக் கடினம். இயந்திரத்தில் பழகியவர்கள் கணினிக்கு வரும்போது வேறு பழக்கங்களும் கூடவே வந்துவிடும். ஒவ்வொரு வரி முடிவிலும், வண்டியைத் தள்ளுவதுபோல, என்ரர் விசையைத் தட்டுவார்கள். பிறகு பக்க ஓரத்தை அரை அங்குலம் மாற்றினாலே கடிதம் முழுவதும் வரிவரியாக உடைந்துவிடும். தலைப்பை நடுவில் வைக்க இடைவெளி விசையை இருபது தடவை தட்டுவார்கள். ஒன்று என்ற இலக்கம் இல்லாத பழைய ஆங்கில இயந்திரங்களில் சிறிய 'எல்' எழுத்தை அடித்துப் பழகியவர்கள் கணினி அட்டவணையிலும் அதையே அடிப்பார்கள். பார்வைக்குச் சரி, கூட்டுத்தொகை வராது. விசையை ஆழமாகக் குத்தும் பழக்கத்தால் மணிக்கட்டும் நோகும்.

ரைப்ரைட்டரில் ஒரு நல்ல பாடமும் இருந்தது. அழிக்கும் விசை இல்லாததால் பிழையில்லாமல் அடிக்க வேண்டிய கட்டாயம் இருந்தது. கணினியில் அந்தக் கட்டாயத்தை நாங்களே உண்டாக்கலாம். பயிற்சி நேரத்தில் பாக்ஸ்பேஸ் விசைக்கு மேலே ஒரு சிறு கடதாசித் துண்டை ஒட்டிவிடுங்கள். பிழை விட்டால் விட்டதுதான், முடிவில் எண்ணிப் பார்க்கட்டும்.

இனி பயிற்சி. நாளுக்கு 40 நிமிடம், காலை 20, மாலை 20. ஒரேயடியாக இரண்டு மணித்தியாலம் இருந்தால் கடைசி ஒரு மணித்தியாலத்தில் களைத்த விரல் பிழையைத்தான் பழகும். கதிரையின் உயரம் முழங்கை விசைப்பலகையின் மட்டத்தில் நிற்கும்படி இருக்க வேண்டும். லப்டொப்பை மடியில் வைத்துப் பழகக் கூடாது. முதல் மூன்று வாரம் ஆங்கிலம் மட்டும். 'எஃப்', 'ஜே' விசைகளில் சிறு மேடு இருக்கும், கண்ணை மூடிக்கொண்டே சுட்டுவிரல்கள் அங்கே போய் உட்கார வேண்டும். பெருவிரல் இடைவெளி விசைக்கு. இடதுகை எழுத்துக்கு வலதுகை ஷிப்ற், வலதுகை எழுத்துக்கு இடதுகை ஷிப்ற். இதைத்தான் பிள்ளைகள் அதிகம் தவறவிடுகிறார்கள். எழுத்தையும் ஷிப்ற்றையும் ஒரே கையால் அமத்தப் போனால் கை தன் இடத்தை விட்டு விலகும், அடுத்த நாலு எழுத்தும் ஒரு விசை தள்ளி விழும்.

நான்காம் வாரத்தில் தமிழைத் தொடங்கலாம். பாமினி ஒழுங்கில் நடு வரிசையில் இடது கையில் ய, ள, ன, க. வலது கையில் த, ம, ட, புள்ளி. நடுவில் ப வும் கால் குறியும். இந்த வரிசையை மட்டும் வைத்தே கடகம், பட்டம், தாளம், மகன், மகள் என்று சொற்கள் அடிக்கலாம். ஒரு வாரம் இதிலேயே நிற்கட்டும். அடுத்த வாரம் மேல் வரிசை, அதற்கடுத்து கீழ் வரிசை. வடமொழிக் குறிகளைத் தேடித் திரிய வேண்டாம். ஸ, ஷ, ஜ, ஹ நான்கும் தெரிந்தால் நமது அலுவலகக் கடிதங்களுக்குப் போதும்.

எந்த விசை ஒழுங்கு என்பதில் பலரும் குழம்புகிறார்கள். தமிழ்நாட்டில் 1999இல் அறிவித்த தமிழ் 99 விரலுக்கு இலகுவானது. அம்மா என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு போதும், புள்ளி தானாக விழும். பாமினியில் அதற்கு ஐந்து தட்டு. 'கொ' என்பதற்குப் பாமினியில் கொம்பு, க, கால் என்று மூன்று, தமிழ் 99இல் இரண்டு. அப்படியிருந்தும் யாழ்ப்பாணத்தில் வேலை தேடும் பிள்ளைக்குப் பாமினி ஒழுங்கையே சொல்கிறேன். அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பக்கத்து மேசையில் இருப்பவர் அதில்தான் அடிப்பார், பழைய கோப்புகளும் அதில்தான் இருக்கும். ஒன்றை எடுத்தால் அதிலேயே நிற்க வேண்டும். இரண்டையும் கலந்தால் இரண்டும் வராது.

ஆனால் ஒழுங்கு வேறு, எழுத்துரு வேறு. பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு உண்மையில் ஆங்கில எழுத்துகளாகத்தான் கணினிக்குள் கிடக்கும். 'தமிழ்' என்ற சொல் உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அப்படியே தெரியும். பெயரைத் தேடினால் கிடைக்காது, இணைய விண்ணப்பத்தில் ஒட்டினால் குப்பையாகும். ஆகவே பாமினி ஒழுங்கில் அடித்து ஒருங்குறியில் (யுனிகோட்) எழுத்து விழும்படி பழக வேண்டும். இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் என்ற மென்பொருள்கள் இரண்டிலும் அந்த வசதி உண்டு, இலவசமாகக் கிடைக்கும். பழைய கோப்பை ஒருங்குறிக்கு மாற்றும்போது இடையில் இருக்கும் ஆங்கிலச் சொற்களும் தமிழ் எழுத்தாக மாறிச் சிதறும். மாற்றியபின் மின்னஞ்சல் முகவரி, வாகன இலக்கம், ஆங்கிலப் பெயர் மூன்றையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பழக்குங்கள்.

வேகத்தை அளக்கும் முறை எளிது. ஐந்து தட்டு ஒரு சொல். பத்து நிமிடத்தில் 1,750 தட்டு அடித்தால் 350 சொல். 12 பிழை இருந்தால் 338, நிமிடத்துக்கு ஏறத்தாழ 34. தமிழ்நாட்டு அரசின் ஆங்கிலத் தட்டச்சுப் பரீட்சையில் இளநிலைக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல் கேட்கிறார்கள். அந்த அளவுகோலை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். மூன்று மாத முடிவில் ஆங்கிலத்தில் 35, தமிழில் 25, நூறு சொல்லில் இரண்டு பிழைக்கு மேல் இல்லை என்றால் அது நல்ல நிலை. ஆறாம், ஏழாம் வாரத்தில் வேகம் அப்படியே நின்றுவிடும். அப்போது பிள்ளை சோர்ந்து பழையபடி இரண்டு விரலுக்குத் திரும்பப் பார்க்கும். அந்த இரண்டு வாரம் வேகத்தை அளக்காமல் பிழையை மட்டும் எண்ணச் சொல்லுங்கள்.

வேலை எங்கே என்பதற்கு வருகிறேன். 1988இல் வந்த, இலங்கை அரசியலமைப்பின் 16ஆவது திருத்தத்தின்படி வடக்கு கிழக்கில் நிர்வாகத்தினதும் நீதிமன்றங்களினதும் மொழி தமிழ். கச்சேரி (மாவட்டச் செயலகம்), பிரதேச செயலகம், நீதிமன்றம் எல்லாவற்றிலும் தமிழில் பிழையின்றி ஆவணம் தயாரிக்கும் ஆள் தேவை. ஆனால் வெறும் தட்டச்சு என்றால் தேவை சுருங்குகிறது. 2017இலிருந்து கூகுளில் இலங்கைத் தமிழையே பேசி எழுத்தாக்கலாம். ஒரு பக்கத்தைப் பேசி முடிக்கச் சில நிமிடம். அது விடும் பிழையைப் பிடிக்கத்தான் ஆள் வேண்டும். பணியும் பனியும், அறமும் அரமும், தாலியும் தாழியும் இடம் மாறி நிற்கும். காணி உறுதியில் நில அளவான பரப்பும் குழியும் ஓர் இலக்கம் மாறினால், அல்லது மேற்கு எல்லை தெற்கில் போய் விழுந்தால், பிழைதிருத்த உறுதி எழுத வேண்டிவரும். சட்டத்தரணியிடம் நிலைத்து வேலை செய்பவர் வேகமானவர் அல்லர், இதைக் கண்டுபிடிப்பவர். உங்கள் மகள் உயர்தரத்தில் தமிழ் எடுத்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நீங்கள் ஒரு குறையாகச் சொல்கிறீர்கள், நான் அவருடைய மூலதனமாகப் பார்க்கிறேன்.

தட்டச்சோடு ஒரு தகைமையும் சேர வேண்டும். தேசிய தொழிற்தகைமை மூன்றாம் மட்டத்தில் கணினிப் பிரயோக உதவியாளர், நான்காம் மட்டத்தில் தகவல் தொழில்நுட்பவியலாளர் பாடநெறிகள் இருக்கின்றன. யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரியிலும் தொழிற்பயிற்சி அதிகாரசபை நிலையங்களிலும் இப்போது எவை நடக்கின்றன என்று நேரில் போய் விசாரியுங்கள். இரண்டாம் மொழியாகச் சிங்களம் பேசவும் வாசிக்கவும் பழகினால் அரச சேவையிலும் மொழிபெயர்ப்பிலும் வாசல் இன்னும் அகலும். வெள்ளிக்கிழமை அரச வர்த்தமானியில் முதலாம் பகுதி, இரண்டாம் தொகுதி 'அ' பிரிவில் வெற்றிடங்களும் பரீட்சைகளும் வரும். அதை மகளே வாசிக்கட்டும், நீங்கள் வாசித்துச் சொல்ல வேண்டாம்.

தனியார் வகுப்புக்குக் காசு கட்டுமுன் நாலு விடயம் கேளுங்கள். நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்ததா, பதிவிலக்கம் என்ன? சான்றிதழ் தேசிய தொழிற்தகைமையா, அல்லது அவர்கள் அச்சடித்துக் கொடுப்பதா? பிள்ளைக்கு ஒரு கணினியா, இரண்டு பேருக்கு ஒன்றா? தமிழை ஒருங்குறியில் பழக்குகிறார்களா, எழுத்துருவில் மட்டுமா? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால் திரும்பி வாருங்கள். முதல் மாதக் கட்டணத்தை மட்டும் கட்டுங்கள், ஆறு மாதத்தையும் ஒன்றாகக் கேட்டால் மறுத்துவிடுங்கள். வீட்டில் கணினி இருந்தால் முதல் ஆறு வாரத்தை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஆறாம் வார முடிவில் பத்து நிமிடம் அடித்த தாளையும் பிழை எண்ணிக்கையையும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். எந்த விரல் எங்கே பிழை விடுகிறது என்று அந்தத் தாளிலேயே தெரியும்.