மரத்துக்கு நடுவுல டிஸ்க் கோல்ஃப்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, நார்த் கரோலினால ராலே பக்கம் இருக்கேன். வீட்டுக்குப் பக்கத்து பார்க்ல சின்னதா 9 ஹோல் டிஸ்க் கோல்ஃப் (தட்டு மாதிரி இருக்குற டிஸ்க்க எறிஞ்சு கம்பத்துல இருக்குற பாஸ்கெட்ல விழ வைக்கிற ஆட்டம்) கோர்ஸ் இருக்கு, முழுக்க பைன் மரம். கடைல நல்ல டிரைவர்னு, அதான் தூரமா எறியுற டிஸ்க்னு, குடுத்தத வாங்கிட்டுப் போனா ஒண்ணு மரத்துல அடிக்குது, இல்லன்னா இடது பக்கம் வளைஞ்சு புதருக்குள்ள போயிடுது. வேற டிரைவர் வாங்கணுமா, இல்ல மரம் இல்லாத கோர்ஸா பாத்துப் போயிடட்டுமா?

பதில்: ரெண்டுமே வேணாம் தம்பி. டிரைவர வீட்டுலயே வச்சிட்டு பாஸ்கெட்டுக்குக் கிட்ட எறியுற பட்டர் டிஸ்க் ஒண்ணு, நடுத்தர தூரத்துக்கு மிட்ரேஞ்ச் டிஸ்க் ஒண்ணு மட்டும் எடுத்துட்டுப் போங்க. டிஸ்க் மேல நாலு நம்பர் இருக்கும் பாருங்க, ஸ்பீடு, கிளைடு, டர்ன், ஃபேடுன்னு, அதுல முதல் நம்பர் 11, 12ன்னு இருந்தா அந்த வேகம் குடுத்தா தான் அது ஒழுங்கா பறக்கும், குடுக்கலன்னா வலது கைல பேக்ஹேண்டு (கைய மார்புக்குக் குறுக்க கொண்டுபோய் வீசுறது) எறியுறவங்களுக்கு சட்டுனு இடது பக்கம் சாஞ்சு இறங்கிடும், உங்களுக்கு நடக்குறது இதேதான். இன்னோவா கம்பெனியோட ஏவியார் பட்டருக்கு ஸ்பீடு 2, டிஸ்கிராஃப்ட் கம்பெனியோட பஸ் (Buzzz) மிட்ரேஞ்சுக்கு 5, மெதுவா விட்டாலே நேரா போகும், சின்ன கோர்ஸ்ல 60, 70 மீட்டர் ஹோலுக்கு அது தாராளம்.

அப்புறம் டீல, அதான் முதல் த்ரோ எறியுற இடத்துல, நின்னதும் பாஸ்கெட்ட பாக்காதீங்க. முன்னாடி 10, 15 மீட்டர்ல ரெண்டு மரத்துக்கு நடுவுல எந்த சந்து பெருசா இருக்கோ அத மட்டும் பாத்து, தோள் உயரத்துல தாழ்வா விடுங்க, ஏன்னா கிட்டக்க இருக்குற மரத்துல பட்டா தான் நஷ்டம் ஜாஸ்தி, அதத் தாண்டிட்டா அப்புறம் எங்க பட்டாலும் கொஞ்ச தூரமாவது வந்திருப்பீங்க. மரத்துக்குள்ள ரெண்டு த்ரோ, பட்டர்ல பாஸ்கெட்டுக்குள்ள போடுற ஒண்ணுன்னு மூணுல முடிச்சா அது அருமையான ஆட்டம்.

புதர்ல விழுந்தாலும் அங்கேர்ந்து தான் அடுத்த த்ரோ. முன்னாடி நிக்குற கிளைய உடைக்கவோ கையால ஒதுக்கிப் புடிக்கவோ கூடாது, அது எந்த அளவுக்குக் கம்மியா அசையுமோ அப்படி நிக்கணும்ங்கறது ரூல். அதனால முட்டி போட்டு கிளைக்குக் கீழ ஃபோர்ஹேண்டு (கையப் பக்கவாட்டுலேர்ந்து முன்னாடி வீசுறது) விடக் கத்துக்கோங்க, அது பேக்ஹேண்டுக்கு நேரெதிரா வலது பக்கம் வளையும், அந்த ஒண்ணு கைல இருந்தா பாதி புதர்லேர்ந்து வெளில வந்துடலாம். கைய விடறதுக்கு முன்னாடி மூணு மூணு இலையா பாய்சன் ஐவி (தொட்டா அரிப்பு எடுக்குற செடி) இருக்கான்னு பாத்துக்கோங்க, வீட்டுக்கு வந்ததும் கால்ல டிக் (உண்ணி) ஏதும் கடிச்சிருக்கான்னும் பாருங்க.

மரம் இல்லாத கோர்ஸ்க்குப் போறேன்னு மட்டும் சொல்லாதீங்க. இந்த ஆட்டத்தோட முதல் நிரந்தர கோர்ஸே 1975ல கலிஃபோர்னியால ஓக் குரோவ் பார்க்ல, டிஸ்க் கோல்ஃபோட தந்தைன்னு சொல்ற எட் ஹெட்ரிக் போட்டது, அதுவே ஓக் மரங்களுக்கு நடுவுல தான். திறந்த வெளில கை பலம் இருக்குறவங்க ஜெயிச்சுடுவாங்க, இங்க அறுபது வயசு ஆளும் குறி பாத்து இருபது வயசுப் பையன ஜெயிக்கலாம், எனக்கு மரக் கோர்ஸ் மேல இவ்ளோ ஆசை இருக்குறதே அதனால தான்.

கேள்வி: டிஸ்க் மரத்து மேல மாட்டிக்கிச்சுன்னா பெனால்டி உண்டா? (வாசகி, ஸ்கார்பரோ)

பதில்: இல்லம்மா, டிஸ்க் எங்க மாட்டிருக்கோ அதுக்கு நேர் கீழ இருந்து எறிய வேண்டியது தான். 2 மீட்டருக்கு மேல மாட்டுனா ஒரு பெனால்டின்னு, அதாவது ஒரு த்ரோ கூடுதலா கணக்காகும்னு, ஒரு ரூல் இருக்கு, ஆனா டோர்னமெண்ட் டைரக்டர் முன்னாடியே அறிவிச்சிருந்தா மட்டும் தான் அது. காணாமப் போனா கதை வேற, தேட 3 நிமிஷம் தான், அதுக்குள்ள கிடைக்கலன்னா ஒரு பெனால்டி. அதனால இலை கொட்டுற சீசன்ல ஆரஞ்சு, மஞ்சள் வேணாம், பளிச்சுனு பிங்க் இல்லன்னா நீலம் வாங்கி அடில மார்க்கர்ல ஃபோன் நம்பர் எழுதி வைங்க, எடுக்குறவங்க பல பேரு கூப்பிட்டுக் குடுத்துடுவாங்க.