கிடார் கேள்வி – பதில்: வயதானால் தேறுமா, தேயுமா?

ராக் கிடார்காரர் எரிக் கிளாப்டனின் சமீபகால மேடை வீடியோக்களில் பழைய வேகம் இல்லை. இன்னொரு ராக் கிடார்காரர் ஜெஃப் பெக் மட்டும் கடைசிவரை மேலே மேலே போனார் என்கிறான் என் நண்பன். வயதானால் ராக் கிடார் வாசிப்பு தேறுமா, தேயுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

ஒரு கிடார்காரர் எதை வைத்துப் பெயர் வாங்கினார் என்பதைப் பொறுத்தது. பிக் (கம்பியை மீட்டும் சிறு வில்லை) பிடிக்கும் கையின் வேகம், ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்) மேல் விரல்களை அகட்டும் தூரம், நீண்ட கச்சேரிக்குப் பிறகு கை தேறி எழும் நேரம் ஆகிய மூன்றும் அறுபதுக்கு மேல் இறங்கத்தான் செய்யும். பயிற்சியால் தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாது. ஆனால் கம்பியை வளைத்துச் சரியான சுருதியில் கொண்டுபோய் நிறுத்துவது, வைப்ரேட்டோவை (சுருதி அசைவை) ஒரே அகலத்தில் ஆட்டுவது, எந்த ஸ்வரத்தை வாசிக்காமல் விடுவது என்று தெரிந்திருப்பது எல்லாம் பெரும்பாலும் காதின் வேலை. இவை எழுபதிலும் வளரும். வேகத்தை மட்டுமே சரக்காக வைத்துக் கடை நடத்தியவருக்குத்தான் முதுமையில் கடை காலியாகும்.

உங்கள் நண்பர் சொன்ன பெக் இதற்கு நல்ல சான்று. 1944-இல் பிறந்தவர். 1980-களில் பிக்கையே கைவிட்டு, கட்டைவிரலாலும் மற்ற விரல்களாலும் மீட்டத் தொடங்கினார். சுண்டுவிரல் வால்யூம் குமிழில், உள்ளங்கைக்குள் வாமி பார் என்ற, சுருதியை அசைக்கும் நெம்புகோல். 1989-இல் வந்த ‘வேர் வேர் யூ’வில் கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு ஹார்மோனிக் ஒலிகளை எழுப்பி, அவற்றின் சுருதியை வாமி பாரால் ஏற்றி இறக்கியே முழு மெட்டையும் பாட வைத்தார். அப்போது வயது 45. 2007-இல் லண்டன் ரானி ஸ்காட்ஸ் கிளப்பில் வாசித்தபோது 63. பிரிட்டிஷ் இந்திய இசையமைப்பாளர் நிதின் சாஹ்னியின் ‘நாடியா’வை அவர் வாசித்திருப்பதைக் கேளுங்கள். கமகத்துக்குப் பழகிய நம் காதுக்கு அந்தச் சறுக்கல்களின் அருமை சட்டென்று பிடிபடும். இருபது வயது பெக்கால் இதை வாசித்திருக்க முடியாது என்பது என் கட்சி.

கிளாப்டன் விஷயத்தில் வயதை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது. நரம்புப் பாதிப்பு இருப்பதை 2016-இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். நோய் வேறு, முதுமை வேறு.

இன்னொன்றையும் ரசிகர்கள் கவனிப்பதில்லை. வயதான பாடகருக்கு மேல்ஸ்தாயி எட்டாததால் பல பழைய குழுக்கள் பாட்டையே அரை சுரமோ ஒரு சுரமோ இறக்கி வாசிக்கின்றன. கம்பி தளர்ந்து ஒலி கனக்கிறது, பாட்டு மந்தமாகத் தோன்றுகிறது. பழி கிடார்காரர் மேல் விழுகிறது! ஒப்பிடுவதானால் ஒரே பாட்டின் இரண்டு காலத்துப் பதிவுகளை எடுத்து, வளைத்த கம்பி சுருதியை எட்டுகிறதா, வைப்ரேட்டோ சீராக இருக்கிறதா, ஸ்வரம் முடியும் இடம் சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நொடிக்கு எத்தனை ஸ்வரம் என்று எண்ண வேண்டாம்.

பெக் மாதிரி பிக் இல்லாமல் வாசித்துப் பார்த்தேன். ஒலி மங்கலாக வருகிறது. வேண்டாத கம்பிகளும் சேர்ந்து ஒலிக்கின்றன. எங்கே தவறு?
– வாசகர், திருச்சி

இரண்டும் எல்லோருக்கும் நடப்பதுதான். சதைப்பற்றுள்ள விரல்நுனி, பிக் கொடுக்கும் கூர்மையான தொடக்கத்தைக் கொடுக்காது. அதனால் மேல் அலைவரிசைகள் குறையும். ஆம்பில் (ஒலிபெருக்கியில்) ட்ரெபிளை, அதாவது உச்ச ஒலியை, உடனே ஏற்றிவிடாதீர்கள். முதலில் மீட்டும் இடத்தை பிரிட்ஜ் (உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பாலம்) பக்கம் இரண்டு விரற்கடை நகர்த்துங்கள், பாதி சரியாகிவிடும். பிறகு ஆம்பில் கெயினை (உள்ளே வரும் ஒலியின் பெருக்கத்தை) கொஞ்சம் கூட்டுங்கள்.

வேண்டாத ஒலியை அடக்க இரண்டு கையும் வேலை செய்ய வேண்டும். நீங்கள் வாசிக்கும் கம்பிக்குக் கீழ்ஸ்தாயியில் உள்ள தடித்த கம்பிகள் மேல் வலது உள்ளங்கையின் ஓரம் படியட்டும். மெல்லிய கம்பிகளை இடது ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். முதல் வாரம் எஃபெக்ட் எதுவும் இல்லாமல், டிஸ்டார்ஷன் (கரகரப்பு) இல்லாத ஆம்பில், ஒரே கம்பியில் கட்டைவிரலால் மட்டும் தினம் பத்து நிமிடம் போதும். அடுத்த வாரம் ஆள்காட்டி விரலால் மேல்நோக்கி இழுத்து மீட்டுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வால்யூம் குமிழ் அதற்குப் பிறகுதான். குமிழை மூடிவைத்து மீட்டி, ஒலி எழும்போது மெல்லத் திறந்தால் வயலின் வில் போட்டதுபோல் வரும். எல்லா கிடாரிலும் குமிழ் சுண்டுவிரலுக்கு எட்டாது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) மாடலில் எட்டும், லெஸ் பால் மாடலில் கை நீள வேண்டும்.

வயது 61. நாற்பது வருடமாக 10 செட் (முதல் கம்பி 0.010 அங்குலத் தடிமன்) கம்பிதான். இப்போது பெண்ட் செய்தால் (கம்பியை வளைத்தால்) விரல் வலிக்கிறது. 9 செட்டுக்கு மாறினால் ஒலி மெலிந்துவிடுமா?
– வாசகர், சென்னை

கொஞ்சம் மெலியும். ஆம்பில் பேஸைச் சற்றுக் கூட்டினால் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூடத் தெரியாது. இஸட் இஸட் டாப் குழுவின் பில்லி கிப்பன்ஸ் 7 செட்டில் வாசிப்பவர். அவர் ஒலியை யாரும் மெலிந்தது என்று சொன்னதில்லை.

கணக்கு இதுதான். ஒரே சுருதியில் இழுவிசை, கம்பி விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 0.010 அங்குலத்திலிருந்து 0.009-க்கு இறங்கினால் முதல் கம்பியின் இழுவிசை ஏறத்தாழ 19 சதவீதம் குறையும். 10 செட்டை வைத்துக்கொண்டே எல்லாக் கம்பிகளையும் அரை சுரம் இறக்கினால் சுமார் 11 சதவீதம். அதிரும் கம்பியின் நீளம் 25.5 அங்குலமுள்ள ஸ்ட்ராட்டிலிருந்து 24.75 அங்குல லெஸ் பாலுக்கு மாறினால் சுமார் 6 சதவீதம். ஆனால் லெஸ் பால் நான்கு கிலோவுக்கு மேல்கூட இருக்கும். விரலுக்குக் கிடைத்த லாபத்தைத் தோள்பட்டை கட்டிவிடும்.

கம்பியை மட்டும் மாற்றிவிட்டு ‘கிடார் கெட்டுப்போச்சு’ என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். மெல்லிய கம்பி மாட்டியதும் இழுவிசை குறைகிறது. ஸ்ட்ராட்டின் பின்புற ஸ்பிரிங்குகள் ஜெயித்து, பிரிட்ஜ் பின்னுக்குச் சாய்கிறது. கம்பி தாழ்ந்து ஃப்ரெட்டில் உரசுகிறது. பின்மூடியைக் கழற்றி, ஸ்பிரிங் மாட்டிய தகட்டின் இரண்டு திருகுகளையும் அரைச் சுற்று தளர்த்தி, மறுபடி ட்யூன் செய்து பாருங்கள். பிரிட்ஜ் பழைய நிலைக்கு வரும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். கழுத்தும் நிமிர்ந்துவிடும். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்தால் எட்டாவது ஃப்ரெட் அருகே கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே சுமார் 0.25 மி.மீ. இடைவெளி வேண்டும். இல்லையென்றால் ட்ரஸ் ராடை (கழுத்துக்குள் இருக்கும் இரும்புத் தண்டை) கால் சுற்றுக்கு மேல் போகாமல் தளர்த்துங்கள். பிறகு 12-ஆவது ஃப்ரெட்டில் கம்பி உயரம்: மெல்லிய பக்கம் 1.6 மி.மீ., தடித்த பக்கம் 2 மி.மீ. கடைசியாக இன்டோனேஷன், அதாவது மேல் ஃப்ரெட்டுகளிலும் சுருதி சரியாக வருகிறதா என்பது. 12-இல் அழுத்திய ஸ்வரம் ஹார்மோனிக்கை விட ஏறியிருந்தால் சேடிலை (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டை) பின்னால் தள்ளுங்கள். இந்த வரிசையை மாற்றினால் செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வீர்கள்.

இத்தனையும் செய்த பிறகும் கார்டு (சேர்த்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) அபஸ்வரமாகக் கேட்டால், நாற்பது வருடப் பழக்கத்தில் அழுத்தமாகப் பிடிக்கிறீர்கள் என்று அர்த்தம். மெல்லிய கம்பி அந்த அழுத்தத்தில் சுருதி ஏறிவிடும். பிடியைத் தளர்த்தப் பழகச் சில வாரம் ஆகும்.

விரலில் குறை வந்த பிறகும் சாதித்த ராக் கிடார்காரர்கள் உண்டா?
– வாசகர், புதுச்சேரி

பிளாக் சபாத் குழுவின் டோனி அயோமி. இடது கைக்காரர். 17 வயதில் பர்மிங்ஹாம் தொழிற்சாலை விபத்தில், ஃப்ரெட் பிடிக்கும் வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் போயின. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உறை செய்து, அதன் மேல் பதப்படுத்திய தோல்துண்டை ஒட்டிக்கொண்டார். மெல்லிய கம்பிகளுக்குப் போனார். 1971-இல் மூன்று அரைச்சுரங்கள் (அதாவது ஒன்றரை சுரம்) இறக்கியும் ட்யூன் செய்தார். ஹெவி மெட்டலின் கனத்த ஒலி இந்த வழியில் வந்ததுதான். 2025 ஜூலை 5-இல் பர்மிங்ஹாம் வில்லா பார்க்கில் குழுவின் இறுதிக் கச்சேரியை வாசித்தபோது வயது 77.

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் ஆறாவது கம்பியையே கழற்றிவிட்டு, எதையும் அழுத்தாமல் மீட்டினாலே ஜி கார்டு ஒலிக்கும் ஓப்பன் ஜி ட்யூனிங்கில் ஐந்து கம்பியில் வாசிப்பவர். ஒரு விரலைக் குறுக்கே படுக்க வைத்தால் முழு கார்டு. மூட்டுவாதம் வந்த கைக்கு இதைவிட இரக்கமான ஏற்பாடு கிடையாது. அவர் இதைத் தொடங்கியது இளமையில், வலிக்காக அல்ல.

காலையில் கிடாரை எடுத்தால் விரல்கள் விறைத்திருக்கின்றன. எந்தப் பயிற்சியிலிருந்து தொடங்கலாம்?
– வாசகர், மதுரை

புத்தகங்களில் முதல் ஃப்ரெட்டிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். உங்களுக்கு அது வேண்டாம். 25.5 அங்குல கிடாரில் முதல் கட்டத்தின் அகலம் 36 மி.மீ., 12-க்கும் 13-க்கும் நடுவே வெறும் 18. எனவே 12-இல் தொடங்கி, விரல் சூடானதும் 9, 7, 5 என்று இறங்கி வாருங்கள். எட்டு நிமிடம், மெதுவாக. முதல் ஃப்ரெட்டுக்குக் கடைசியில்தான் வர வேண்டும். பயிற்சி தொடங்கும் முன் வெதுவெதுப்பான நீரில் கையை இரண்டு நிமிடம் வைத்தால் நல்லது.

விறைப்பு வேறு, மரத்துப்போவது வேறு. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் இரவில் மரத்தாலோ, மடக்கிய விரல் சிக்கிக்கொண்டு ‘டக்’ என்று விடுபட்டாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ஸ்ட்ராப் ரொம்ப இறங்கியிருந்தாலும் மணிக்கட்டு மடங்கி இதே தொல்லை வரும். ஸ்டைலுக்காக முழங்கால்வரை தொங்கவிடுவதெல்லாம் இருபது வயதோடு சரி.

என் ஆம்ப் ஒலி காதைக் குத்துகிறது என்று குழுவில் இளையவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை.
– வாசகர், பெங்களூரு

அவர்கள் சொல்வது சரியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். வயதில் காது முதலில் இழப்பது உயர்ந்த அலைவரிசைகளை. குறைவாகக் கேட்பதால் ட்ரெபிளை ஏற்றுகிறோம். மற்றவருக்கு அது ஊசி. தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் தம் கேள்திறன் பாதிப்பைப் பற்றி வெளிப்படையாகவே பேசியிருக்கிறார்.

85 டெசிபல் ஒலியில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்பது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையாஷ் பரிந்துரைக்கும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். டிரம்ஸ் இருக்கும் ஒத்திகை அறையில் 100 டெசிபல் சாதாரணம், அதற்கு வரம்பு 15 நிமிடம்தான். பஞ்சு வைத்தால் ட்ரெபிள் மட்டும் அடைபட்டு மறுபடி குமிழைத் திருப்புவீர்கள். இசைக்கலைஞர்களுக்கென்று விற்கும், எல்லா அலைவரிசையையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும் காதடைப்பான் வாங்குங்கள். குழுவில் இளையவர் ஒருவரை அறையின் மறுகோடியில் நிறுத்தி, அவர் சொல்கிறபடி ட்ரெபிளை வையுங்கள். அந்த இடத்தில் ஆம்பின் மேல் சின்ன டேப் ஒட்டிவிட்டு, அதற்கு மேல் குமிழைத் திருப்பாதீர்கள்.