ரெண்டு பிள்ளை வளர்த்தவளுக்குப் படிப்பு எதற்கு?

தண்டையார்பேட்டைத் தங்கச்சிக்கு,

சிட்னிக்கு வருகிறேன், குழந்தைகள் காப்பகப் படிப்பு படிக்கலாமா, ரெண்டு பிள்ளை வளர்த்தவளுக்கு அது எதற்கு, எவ்வளவு செலவாகும் என்று கேட்டிருக்கிறாய். செலவை விடு, கல்லூரிக்குக் கல்லூரி மாறும். நடுவில் கேட்டாயே, அதற்குப் பதில் சொல்கிறேன்.

நானும் காசிமேட்டிலிருந்து அதே நினைப்போடுதான் வந்தேன். தம்பி தங்கைகளை இடுப்பில் சுமந்தே வளர்த்தவள். பயிற்சிக்குப் போன முதல் நாள், அழுத குழந்தையைத் தூக்கி, மளமளவென்று டயப்பர் மாற்றி இறக்கிவிட்டேன். மேற்பார்த்த அம்மா கேட்டார்: "அவளிடம் ஒரு வார்த்தை பேசினாயா?" அன்று ரயிலில் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

தூக்குவதற்கு முன் குழந்தையின் கண்ணுக்கு நேராகக் குனிந்து, "தூக்கட்டுமா" என்று கேட்டுவிட்டு நிற்க வேண்டும். அது கையை நீட்டும், இல்லை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதுதான் அதன் பதில். அதற்குக் காத்திருக்கப் பழகுவதற்குத்தான் இந்தப் படிப்பே. 2 வயதுக்குட்பட்ட 4 குழந்தைகளுக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்று இங்கே சட்டம் இருப்பதால், காத்திருக்க நேரமும் கிடைக்கும்.

ஆனால் ஒன்று. சர்ட்டிஃபிகேட் 3 என்கிற அடிப்படைப் படிப்புக்கே காப்பகத்தில் குறைந்தது 160 மணி நேரம் நேரடிப் பயிற்சி கட்டாயம். "நீங்க போகவே வேணாம், கையெழுத்து வாங்கித் தர்றோம்" என்பவர்களிடம் பணம் கட்டிவிடாதே. ஒழுங்காகச் சொல்லித்தராத கல்லூரிகள் கொடுத்த சான்றிதழ்களை 2024 முதல் ஆயிரக்கணக்கில் ரத்து செய்துவிட்டார்கள்.

அப்புறம் நம்மவர்கள். "ஆயா வேலையா?" என்று இளக்காரமாகக் கேட்பார்கள். அவர்களே, பிள்ளையிடம் தமிழ் பேசாதீர்கள், இங்கிலீஷ் வராது என்றும் சொல்லி அனுப்புவார்கள். எனக்கு இது ஆறவே ஆறாது. சின்னப் பிள்ளைகளுக்கென்று 2009-இல் இங்கே வந்த தேசியப் பாடத்திட்டமே வீட்டு மொழியைக் காப்பாற்றச் சொல்கிறது. புது இடத்தில் மிரண்டு அழுகிற குழந்தை, "என்னடா கண்ணு" என்றதும் சட்டென்று திரும்பிப் பார்ப்பதை அவர்கள் பார்த்ததில்லை.

எங்கள் பால்வாடி ஆயா எந்தப் படிப்பும் படிக்காதவர். அம்மா விடியற்காலையிலேயே மீன் ஏலத்துக்குப் போய்விடுவாள். ஆயா வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "இன்னாமா, ராத்திரி தூங்குனியா?" என்று கேட்பார். எனக்கு அப்போது பேச்சு திக்கும். பின்னால் பிள்ளைகள் நெருக்கித் தள்ளுவார்கள். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டார்.