அரை நிமிடத்தில் அறுந்துபோகும் அழைப்பு

ஈசூனில் வீவக வீட்டிலிருந்தே முறுக்கு, அதிரசம் செய்து விற்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஆர்டர் எடுக்க 3-இல் தொடங்கும் இணையத் தொலைபேசி எண் வைத்திருக்கிறேன். போன மாதம் ரவுட்டரை மாற்றினேன். அதிலிருந்து, யாராவது அழைத்தால் நான் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது. அவர்கள் பேசுவது எனக்குக் கேட்பதில்லை. அரை நிமிடத்தில் அழைப்பும் அறுந்துவிடுகிறது. கூடுதல் வேகத் திட்டத்துக்கு மாறினால் சரியாகுமா?”

மாற வேண்டாம் அம்மா. ஓர் அழைப்புக்கு விநாடிக்கு 100 கிலோபிட்கூடத் தேவைப்படாது. உங்கள் ஃபைபர் இணைப்பில் அது ஒரு துளி. கோளாறு வேகத்தில் இல்லை, முகவரியில் இருக்கிறது.

அழைப்பை எடுத்ததும் உங்கள் தொலைபேசி மறுமுனைக்கு, “குரலை இந்த முகவரிக்கு அனுப்பு” என்று ஒரு குறிப்பு அனுப்பும். அதில் இருப்பது 192.168.1.23 மாதிரி வீட்டுக்குள் மட்டும் செல்லும் எண். புளோக் எண் எழுதாமல், எட்டாம் மாடி 112-ஆம் வீடு என்று மட்டும் எழுதிய கடிதம் போல. தபால்காரர் எந்த புளோக்குக்குப் போவார்? உங்கள் குரல் வெளியே போய்விடும், அவர்கள் குரல் வந்து சேராது.

அறுந்துபோவதற்கும் இதே காரணம்தான். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசிப் பாருங்கள், ஏறக்குறைய 32 விநாடி இருக்கும். “எடுத்துவிட்டேன்” என்று உங்கள் தொலைபேசி சொன்னதற்கு மறுமுனையின் “சரி” வர வேண்டும். அந்தச் சரியும் தவறான முகவரிக்குப் போகிறது. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, 32-ஆவது விநாடியில் தொலைபேசி தானே வைத்துவிடும். இணையத் தொலைபேசிகள் அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் பின்பற்றும் எஸ்ஐபி (SIP) நெறிமுறையில் எழுதியிருக்கும் கணக்கு அது.

இந்த முகவரிச் சிக்கலைப் பெரும்பாலான சேவை நிறுவனங்களின் சர்வர்களே சமாளித்துக்கொள்ளும். ஆனால் பல ரவுட்டர்களில் எஸ்ஐபி ஏஎல்ஜி (SIP ALG) என்ற வசதி முன்கூட்டியே இயங்கிக்கொண்டிருக்கும். உதவி செய்வதாக நினைத்து அந்தக் குறிப்புக்குள் கைவைத்து, பாதியைத் திருத்தி, பாதியை விட்டுவிடும். நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். அதை அணையுங்கள். டிபி-லிங்க் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அட்வான்ஸ்டு (Advanced), நாட் ஃபார்வர்டிங் (NAT Forwarding), ஏஎல்ஜி (ALG) என்று போனால் பெரும்பாலும் இருக்கும். ஆசுஸில் வான் (WAN) பக்கத்தின் நாட் பாஸ்த்ரூ (NAT Passthrough) பகுதியில் எஸ்ஐபி பாஸ்த்ரூ (SIP Passthrough) என்று இருக்கும், அதை டிசேபிள் ஆக்குங்கள். பிறகு ரவுட்டரை அணைத்துப் போட்டு, இணையம் வந்த பின் தொலைபேசியையும் அணைத்துப் போடுங்கள். இந்த வரிசை முக்கியம்.

அப்புறமும் சரியாகவில்லையா? ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வான் ஐபி (WAN IP) எண்ணை, அதாவது ரவுட்டரின் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். 192.168 என்றோ, 10-உம் உடனே ஒரு புள்ளியுமாகவோ தொடங்கினால், பெரும்பாலும் இணைய நிறுவனம் தந்த பெட்டியும் ரவுட்டராகவே வேலை செய்கிறது. முகவரி இரண்டு முறை மாறுகிறது. அந்தப் பெட்டியை, முகவரியை மாற்றாமல் இணைப்பை அப்படியே கடத்தும் பிரிட்ஜ் (bridge) முறைக்கு மாற்றித் தரும்படி நிறுவனத்திடம் கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் புது ரவுட்டரை அக்சஸ் பாயிண்ட் முறையில் போடுங்கள், வைஃபை மட்டும் தரட்டும்.

சும்மா இருக்கும் நேரத்தில் அழைப்பே வராமல் போனால், அது வேறு சிக்கல். ரவுட்டர் பாதையை மூடிவிடுகிறது. பாதை மூடாமலிருக்க அவ்வப்போது ஒரு சிறு தகவல் அனுப்பும் கீப் அலைவ் (keep alive) என்பதை, தொலைபேசி அமைப்பில் 20 விநாடிக்கு வையுங்கள்.

யாராவது ரவுட்டரில் 5060 போர்ட்டை, அதாவது எஸ்ஐபி அழைப்புகள் வரும் வாசலைத் திறந்துவிடச் சொன்னால் கேட்காதீர்கள். அப்படித் திறந்துவைத்த ஒரு கடையில், நள்ளிரவில் 1000, 1001 என்ற எண்களிலிருந்து மணி அடித்துக்கொண்டே இருந்ததைப் பார்த்திருக்கிறேன். திறந்த போர்ட்டைத் தேடி அலையும் நிரல்களின் வேலை அது. கடவுச்சொல் எளிதாக இருந்தால் உங்கள் கணக்கிலிருந்து வெளிநாட்டுக்கே பேசிவிடுவார்கள்.

எல்லாம் முடிந்ததும் கைத்தொலைபேசியிலிருந்து, வைஃபையை அணைத்துவிட்டு, உங்கள் எண்ணுக்கு அழையுங்கள். இரு பக்கமும் கேட்டு, ஒரு நிமிடம் தாண்டினால் வேலை முடிந்தது. மின்சாரம் போனால் இந்தத் தொலைபேசி இயங்காது, 995-ஐ அழைக்கக் கைத்தொலைபேசியில் எப்போதும் சார்ஜ் இருக்கட்டும்.