கல்யாணமாகி இரண்டு வருடம், பிள்ளை தங்கவில்லை: கணவரும் பரிசோதிக்க வேண்டுமா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: மாமியார் வீட்டில் தன்னை மட்டும் டாக்டரிடம் போகச் சொல்கிறார்களாம், கணவர் வரத் தேவையில்லையா என்று.

கட்டாயம் வரவேண்டும். 12 மாதம் தடுப்பின்றிச் சேர்ந்திருந்தும் கரு தங்காவிட்டால் இருவரும் பரிசோதிக்க வேண்டும்; பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் 6 மாதத்திலேயே. ஆணுக்கு முதலில் விந்துப் பரிசோதனை. ஊசியும் இல்லை, வலியும் இல்லை. அதைச் செய்யாமல் பெண்ணை மட்டும் ஸ்கேன், ஹோர்மோன் மருந்து என்று வருடக்கணக்கில் அலைய விடுவது அநியாயம். அவளுக்கு வயது ஏற ஏற முட்டைகள் குறைந்துகொண்டே போகும்.

விந்தணுக் குறைவு, முட்டை ஒழுங்காக வெளியேறாமை, கருக்குழாய் அடைப்பு எனக் காரணங்கள் பல. சிலருக்குக் காரணமே பிடிபடாது. குழாய் அடைப்பில்தான் என் கவலை அதிகம்: உடலுறவு மூலம் பரவும் கிளமிடியா, கொனோரியா தொற்றுகள் பெண்களில் பெரும்பாலும் அறிகுறி காட்டாமலே குழாயைக் கெடுத்துவிடும். நேரத்தோடு கண்டால் அன்டிபயோட்டிக்கால் குணமாகும். வெட்கத்தில் ஒளிப்பதால் தடுக்கக்கூடியதும் தவறிப்போகிறது. உலகில் 6 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்தப் பிரச்சினை வருகிறது என்று 2023இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஒரு வீட்டின் குறையாக இதைப் பார்க்க முடியாது.

மாமாங்கேஸ்வரருக்கு நேர்த்தி வையுங்கள் தங்கச்சி, பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் சொன்னால் எந்த கிளினிக்குக்குப் போவதென்று வழிகாட்டுவார். மாதவிடாய்த் திகதிகளைக் குறித்துக்கொண்டு, கணவரோடு போங்கள்.