சீமரில் கேன் நசுங்கினால் சீமர்தான் காரணமா?

குளிர்பானக் கேனில் மூடியை மடித்து மூடும் இயந்திரமான சீமருக்குள் கேன்கள் நசுங்குகின்றன, சீமரில் எதை மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். அதில் கை வைப்பதற்கு முன் கேன்கள் வரும் லைனில் கொஞ்சம் பின்னால் நடந்து பாருங்கள்.

பெங்களூரு பீன்யாவில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. 250 மில்லி ஒல்லி கேனிலிருந்து 500 மில்லிக்கு லைனை மாற்றிய அன்றே சீமரில் கேன்கள் மடங்க ஆரம்பித்தன. இரண்டு ஷிஃப்ட் முழுக்க லிஃப்டர், சக், ரோலர் என்று சீமரின் பாகங்கள் எல்லாவற்றையும் அளந்தோம். எல்லாம் சரியாகவே இருந்தன. வாணியம்பாடிக்கார ஆபரேட்டர் அண்ணன் ஒருவர் வந்து, "தம்பி, எத்தனை கேனுக்கு ஒண்ணு மடங்குது?" என்று கேட்டார். எண்ணினோம். எங்கள் சீமரில் கேனை மூடும் தலைகள், அதாவது ஹெட், 12. ஒரு ஹெட்டில் கோளாறு என்றால் 12-க்கு ஒன்று தவறாமல் மாட்ட வேண்டும். எங்களுக்கு 7, 31, 19 என்று தாறுமாறாக வந்தது.

"அப்போ ஹெட் இல்லை. கேன் அடிபட்டுத்தான் உள்ளே வருது" என்றார்.

அலுமினிய கேனின் சுவர் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான். அடிபடாத காலி கேன் நேராக நின்றால் மேலிருந்து சுமார் 80 கிலோ தாங்கும். பக்கத்தில் சின்னக் குழி இருந்தாலும் போதும், சீமரின் அழுத்தத்தில் அந்த இடத்திலேயே மடங்கிவிடும். மடங்காமல் தப்பிய கேன்களிலும் தடயம் கிடைக்காது. சோடாவின் அழுத்தம் உள்ளிருந்து தள்ள, லேசான குழி வெளியே வந்துவிடும். அதனால் மூடிய கேனைப் பார்த்துப் பயனில்லை, பானம் நிரப்பும் ஃபில்லருக்கு முன்னால் காலி கேனை எடுத்துப் பாருங்கள்.

லைனை நிறுத்தி, ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னும் பின்னும் இருபது கேன் எடுங்கள். எந்தத் திருப்பத்தைத் தாண்டிய பிறகு குழி தென்படுகிறதோ, அங்கேதான் அடி. குழி அடியிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பதை அளந்துகொண்டு, அங்கே அதே உயரத்தில் எது கேனைத் தொடுகிறது என்று தேடுங்கள். குழி குறிப்பிட்ட இடைவெளியில் வந்தால் கேன்களை ஒவ்வொன்றாக ஏந்திச் சுழலும் ஸ்டார் வீலின் பள்ளங்களையும் ஃபில்லரின் வால்வுகளையும் எண்ணி ஒப்பிடுங்கள். வாய்விளிம்பு மடங்கியிருந்தால் கதை வேறு: காலி கேன் அடுக்குகளைப் பிரித்து லைனில் விடும் டீபேலடைசரில், அடுக்குகளுக்கு நடுவிலுள்ள தாளை உருவும் இடத்தை முதலில் பாருங்கள். அதைத் தவறவிட்டால் மூடியும் கேனும் சேரும் மடிப்பான சீம் கசியும், அது குழியைவிட ஆபத்து.

எங்கள் லைனில் ஃபில்லருக்கு முந்தைய வளைவில், கேன்களைப் பக்கவாட்டில் தாங்கி வழிநடத்தும் கைடு ரெயிலின் இணைப்பில் ஒரு போல்ட் தளர்ந்திருந்தது. கேன் அளவு மாற்றியபோது யாரோ முழுசாக முடுக்கவில்லை. ரெயிலின் முனை ஒரு மில்லிமீட்டர்கூட வெளியே வரவில்லை. கேன்கள் நெருக்கியடித்து வரும்போது மட்டும் அதில் உரசின, அதனால்தான் எண்ணிக்கையில் ஒழுங்கில்லை. முனையை அரத்தால் ராவி, போல்ட்டை முடுக்கினோம். அன்று இரவே மடங்குவது நின்றது.