கொலெலிலிருந்து கணக்கு அலுவலகத்துக்கு: எதை முதலில் செய்வது?

கேள்வி: நியூஜெர்ஸியில் ஹோவெல்லில் வசிக்கிறோம். எதிர்வீட்டு இளைஞர் மரபு வழுவாத ஆர்த்தடாக்ஸ் யூதர், வயது 29, மூன்று குழந்தைகள். பக்கத்து ஊரான லேக்வுட்டில் கொலெலில், அதாவது மணமான ஆண்கள் படிக்கும் யூத மதக் கல்விக்கூடத்தில், ஏழு வருடமாக முழுநேரமும் யூத சமயச் சட்ட நூலான தல்மூத் படிக்கிறார். இப்போது சம்பாதித்தாக வேண்டிய நிலை. கணக்குத் துறைக்குப் போக ஆசைப்படுகிறார். நான் ஐடியில் இருப்பதால் ரெஸ்யூமே போட்டுத் தரச் சொன்னார். 'அனுபவம்' என்ற இடத்தில் எழுத ஒன்றுமே இல்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: ரெஸ்யூமேயைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் அவர் இரண்டு காகிதங்களைப் பார்க்க வேண்டும். பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கித்தான் அடி வாங்குகிறார்கள்.

முதல் காகிதம், பெல் உதவித்தொகைக் கணக்கு. அங்கீகாரம் பெற்ற யெஷிவாக்களில் (யூத மதக் கல்லூரிகளில்) படிப்பவர்கள் மத்திய அரசின் பெல் உதவியைப் பெறுவதுண்டு. அதற்கு வாழ்நாள் வரம்பு 12 செமஸ்டர். முதல் இளங்கலைப் பட்டம் கைக்கு வந்த நாளோடு தகுதியும் போய்விடும், அது தல்மூத் பட்டமாக இருந்தாலும் அப்படித்தான். 'காலேஜுக்கு பெல் வரும்' என்று நம்பி இறங்கி, முதல் செமஸ்டர் பில் வந்தபின் விழிப்பவர்கள் இருக்கிறார்கள். மத்திய அரசின் மாணவர் உதவி இணையதளத்தில் அவருடைய கணக்கைத் திறந்தால் இதுவரை எத்தனை சதவீதம் தீர்ந்தது என்று தெரியும். 12 செமஸ்டருக்கு 600 சதவீதம் என்று கணக்கு, எனவே 600 என்றால் முழுதும் காலி.

இரண்டாவது, வீட்டு வரவுசெலவு. சம்பளம் வந்தால் அரசு உதவிகள் குறையும், ஆனால் எல்லாம் ஒரே நாளில் போகாது. நியூஜெர்ஸி ஃபேமிலிகேர் மருத்துவக் காப்பீட்டில் பெற்றோருக்கு வறுமைக்கோட்டின் 138 சதவீதம் வரைதான் இடம். குழந்தைகளுக்கு 355 சதவீதம் வரை உண்டு. அதனால் முதலில் காப்பீடு இழப்பது கணவனும் மனைவியும்தான். செக்‌ஷன் 8 வாடகை உதவி இருந்தால், வருமானத்தில் கூடும் ஒவ்வொரு 100 டாலருக்கும் சுமார் 30 டாலர் வாடகையில் ஏறும். உணவு உதவியும் இறங்கும். இதையெல்லாம் கழித்தபின் கையில் எவ்வளவு நிற்கும் என்று எக்செல்லில் போட்டுக் கொடுங்கள். உங்களால் செய்ய முடிந்த பெரிய உதவி அதுதான். அலுவலகக் காப்பீடு இல்லாத வேலையைவிட, மணிக்கு இரண்டு டாலர் குறைந்தாலும் காப்பீடு உள்ள வேலை பெரும்பாலும் லாபமாக வரும். வருமான மாற்றத்தை உரிய அலுவலகத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். மறந்தால் வாங்கிய தொகையைத் திருப்பிக் கேட்பார்கள்.

இனி படிப்பு. சிபிஏ, அதாவது உரிமம் பெற்ற கணக்காளர் ஆகும் ஆசை நல்லதுதான், ஆனால் அதையே முதல் படியாக வைக்க வேண்டாம். நீண்டகாலமாக இருந்த விதிப்படி கல்லூரிப் பாடங்களில் மொத்தம் 150 கிரெடிட் வேண்டும். பல மாநிலங்கள் இதைத் தளர்த்தி வருவதால் மாநில வாரியத்தின் இன்றைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். யெஷிவா கிரெடிட்டுகள் மொத்தக் கணக்கில் உதவக்கூடும், கணக்கியல் பாடங்களை அவை ஈடுசெய்யாது. அவற்றைத் தனியாகத்தான் எடுக்க வேண்டும். செலவைக் குறைக்க, வகுப்புக்குப் போகாமலே எழுதி கல்லூரி கிரெடிட் பெறும் கிளெப் தேர்வுகள் இருக்கின்றன. ஒரு பாடத்துக்குப் பெரும்பாலும் 90 நிமிடம், 50 மதிப்பெண் எடுத்தால் பொதுவாகத் தேர்ச்சி, தவறினால் மூன்று மாதம் காத்திருந்து மறுபடி எழுதலாம். ட்ரென்டனில் உள்ள தாமஸ் எடிசன் மாநிலப் பல்கலைக்கழகம் இத்தகைய கிரெடிட்டுகளைத் தாராளமாக ஏற்கும். லேக்வுட்டிலேயே ஆர்த்தடாக்ஸ் யூதர்களின் அகுதாத் இஸ்ரேல் அமைப்பின் பிசிஎஸ் வேலைவாய்ப்புப் பிரிவும் இருக்கிறது. ஆண்கள் தனியாக அமரும் வகுப்பு, பண்டிகை பார்த்து வைத்த அட்டவணை எல்லாம் வேண்டுமென்றால் அங்கே விசாரிக்கச் சொல்லுங்கள்.

எங்கள் யோசனை: முதலில் புக்கீப்பர், பிறகு பட்டம். கொலெல் நாள் மூன்று 'செடர்'களாக ஓடும்: காலை, மதியம், இரவு. காலையையும் மதியத்தையும் தொடாமல், இரவு செடரை மட்டும் பத்துப் பன்னிரண்டு வாரம் இதற்கு ஒதுக்கினால் போதும். முதல் இரண்டு வாரம் தட்டச்சுக்கே போகட்டும். பலர் கீபோர்டில் வேலையே செய்திருக்க மாட்டார்கள். நிமிடத்துக்கு 40 சொல் வந்தால் நேர்காணலில் வெட்கப்பட வேண்டியிருக்காது. அடுத்து எக்செல்லில் சம்இஃப்ஸ், வீலுக்கப், பிவட் டேபிள். பிறகு குவிக்புக்ஸ் ஆன்லைன். அதன் ப்ரோஅட்வைசர் பயிற்சியும் சான்றிதழும் இலவசம்.

புக்கீப்பர் நேர்காணலில் வங்கிக் கணக்கு ஒப்பீடு கட்டாயம் வரும். உதாரணத்துக்கு, வங்கி அறிக்கையில் 12,480 டாலர், நம் ஏட்டில் 11,930. நாம் கொடுத்த 700 டாலர் காசோலை இன்னும் பணமாகவில்லை. நாம் கட்டிய 120 டாலர் வங்கியில் இன்னும் ஏறவில்லை. வங்கி 30 டாலர் கட்டணம் பிடித்தது நம் ஏட்டில் இல்லை. வங்கிப் பக்கம் 700 கழித்து 120 கூட்டினால் 11,900. ஏட்டுப் பக்கம் 30 கழித்தால் அதே 11,900. புதியவர்கள் தவறுவது ஒரே இடத்தில்: 30 டாலரை வங்கிப் பக்கம் கழித்துவிடுவார்கள். யாருக்கு எது தெரியாதோ அவர் பக்கம்தான் திருத்தம். இந்தக் கணக்கை அவரிடம் கொடுத்துப் பாருங்கள், சட்டென்று பிடித்துக்கொள்வார். 'பாவா மெட்ஸியா' என்ற தல்மூத் நூலே இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கு ஆள் 'முழுதும் என்னுடையது' என்று சொல்வதில்தான் தொடங்குகிறது. யார் கையில் எவ்வளவு, எதற்கு ஆதாரம் என்று பிரித்துப் பிரித்துப் பார்த்தவர் அவர்.

ஆனால் எல்லாப் பழக்கமும் இப்படிக் கைகொடுக்காது. தல்மூதில் தீராத விவாதத்தை 'தேய்கு' என்று அப்படியே நிறுத்திவிடலாம், அதில் குறைவொன்றும் இல்லை. தமிழ்க் காதில் அது 'தேக்கு' என்று விழுந்தாலும் பொருத்தம்தான். அலுவலகத்தில் மாதக் கணக்கை ஐந்தாம் தேதி மூடியாக வேண்டும். தெரியாததை ஒரு குறிப்போடு, தீராத தொகைகளைத் தற்காலிகமாக வைக்கும் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவிட்டு நகர வேண்டும். இன்னொன்று குரல். படிப்பு ஜோடியான 'ஹவ்ருசா'வுடன் மேசையைத் தட்டிக் கத்துவது அங்கே அன்பு. மேலாளரிடம் அதே தொனி வந்தால் சண்டை என்று எடுத்துக்கொள்வார்கள். மின்னஞ்சலிலும் வாக்கியத்துக்கு ஒரு 'லெமாய்சே' ('நடைமுறையில்' என்று பொருள்) விழும். அதை எடுத்துவிட்டு, மூன்று வரிக்குள் கேள்வி, தேதி, தொகை மட்டும் எழுதப் பழக்குங்கள்.

அனுபவத்துக்கு ஒரு குறுக்குவழி உண்டு: மத்திய வரித் துறையான ஐஆர்எஸ் நடத்தும் விட்டா திட்டம். வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வரிப் படிவம் நிரப்பித் தரும் தொண்டர் பணி. பயிற்சி இலவசம், தேர்வில் தேறினால் சான்றும் கிடைக்கும். சிறிய வரி அலுவலகங்கள் சீசன் ஆட்களைத் தேடுவது பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில். ஆகவே அக்டோபரில், சுக்கோத் பண்டிகை முடிந்து குளிர்கால ஸ்மன், அதாவது பருவம், தொடங்கும்போதே இரவுப் பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும்.

இப்போது ரெஸ்யூமே. ஏழு வருடத்தை மறைக்கவும் வேண்டாம், 'ஆராய்ச்சி ஆலோசகர்' என்று பூசி மெழுகவும் வேண்டாம். கல்விப் பகுதியில் நிறுவனத்தின் பெயர், ஆண்டுகள், 'தல்மூத் சட்ட மேற்படிப்பு' என்று ஒரே வரி. லேக்வுட்டின் பெத் மெத்ராஷ் கோவோஹாவில் படித்தவர் என்றால், 1943இல் தொடங்கிய அந்த யெஷிவாவின் பெயரே அந்த வட்டாரத்தில் பேசும். அதற்கு மேலே குவிக்புக்ஸ் சான்றும் விட்டா பணியும் வரட்டும். கொலெலுக்கு நிதி திரட்டியது, மளிகைக் கூட்டுக் கொள்முதல் கணக்குப் பார்த்தது போன்றவை இருந்தால் தொகையோடு எழுதுங்கள்.

சம்பளம் பற்றி அவருக்கு அளவுகோல் இருக்காது. நியூஜெர்ஸியில் 2020 முதல் பழைய சம்பளத்தைக் கேட்கத் தடை உண்டு. 2025 ஜூன் முதல் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் விளம்பரத்திலேயே சம்பள வரம்பைப் போட வேண்டும். பத்து விளம்பரம் படித்தால் சந்தை விலை புரிந்துவிடும்.

சப்பாத், அதாவது வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை வேலை செய்யாத ஓய்வு நாள், அந்தப் பேச்சை நேர்காணலில் எடுக்க வேண்டாம். வேலை உறுதியானதும், கையெழுத்துக்கு முன் எழுத்தில் சொல்லட்டும். டிசம்பரில் லேக்வுட்டில் வெள்ளிக்கிழமை சப்பாத் விளக்கேற்றும் நேரம் மாலை நாலேகால் வாக்கில் வந்துவிடும். இரண்டு மணிக்காவது கிளம்ப வேண்டும். வேலை செய்யக்கூடாத பண்டிகை நாட்கள் ஆண்டுக்கு 13, சில வார இறுதியில் விழும். ஈடாகத் திங்கள் முதல் வியாழன் வரை கூடுதல் நேரம், அல்லது ஞாயிறு வேலை என்று அவரே முன்வைக்கட்டும். சட்டமும் துணை நிற்கிறது. ஞாயிறு வேலைக்கு வர மறுத்த ஒரு கிறிஸ்தவ அஞ்சல் ஊழியரின் வழக்கில், கணிசமான கூடுதல் செலவு ஏற்படும் என்று காட்டாமல் மதவழிச் சலுகையை மறுக்க முடியாது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சனிக்கிழமைக்காரர்களுக்கும் அது பொருந்தும். வரித் துறையில் ஒரு தனிச் சிக்கல் உண்டு: வசந்தகாலப் பண்டிகையான பெசாஹ் சில ஆண்டுகளில் ஏப்ரல் 15 வரிப் படிவக் கெடுவோடு மோதும். 2025இல் கெடுவுக்கு முந்திய இரண்டு நாளும் பண்டிகைதான். இதை ஜனவரியிலேயே சொல்லிவிட்டால் யாருக்கும் எரிச்சல் வராது.

பிற பெண்களைத் தொடுவதை இவர்களில் பலர் தவிர்ப்பார்கள். எனவே பெண் மேலாளர் கை நீட்டினால் என்ன செய்வது என்பதை அவர் தன் மதகுருவான ரப்பியிடம் முன்பே கேட்டுக்கொள்ளட்டும். குலுக்குவதில்லை என்றால், நெஞ்சில் கை வைத்துச் சிரித்தபடி ஒரு வரி விளக்கம் போதும். அந்த இடத்தில் யோசித்துத் தடுமாறுவதுதான் அவமதிப்பாகத் தெரியும்.

ஜனவரியில் வேலைக்குச் சேரும் திட்டம் என்றால், அதை ஹவ்ருசாவிடம் அக்டோபரிலேயே சொல்லச் சொல்லுங்கள். ஜோடிகள் ஸ்மன் தொடக்கத்தில் முடிவாகிவிடும். நடுவில் ஒருவர் எழுந்து போனால் மற்றவர் மார்ச் கடைசி வரை ஆள் தேடி அலைவார்.